வள்ளத்தில் ஆளுக்கொரு மாத்திரை

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று திரேஸ்புரம் முழுக்கத் தெரியும். எடுக்கவில்லை என்பது எனக்கும் என் வீட்டுக்காரர் கிளைட்டனுக்கும் மட்டும்தான் தெரியும். கதையைக் கிளப்பிவிட்டதே அந்த மனுஷன்தான்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து திருநெல்வேலியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். கடலில் முங்கிச் சங்கு குளிக்கிற ஆளுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள். அதனால் ஆபரேஷன் எனக்கு என்று சொல்லிவிட்டார். தெருவே நாட்டுக்கோழி முட்டையோடு வந்து என்னைப் பார்த்தது. முட்டையைத் தின்றது அவர்.

"உங்களுக்கு வந்த சீக்குக்கு என் வயித்தையா அறுத்திய?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பொய் சொல்வானேன்.

ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு இரண்டு மாத்திரை எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஸ்டென்ட் வைத்த டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். "இனி கடல்ல குளிக்கக் கூடாது. வலி மாத்திரை எதையும் நீங்களா வாங்கிப் போடவும் கூடாது. வயித்துல புண்ணாகி ரத்தம் கசிஞ்சா லேசுல நிக்காது."

நான் எடுத்துச் சொல்லியும் இரண்டையுமே அவர் கேட்கவில்லை. "கடலை விட்டா எனக்கு என்னளா தெரியும்?" என்றார்.

அவர் போன வள்ளம் ரெக்ஸ் அண்ணனுடையது. சங்கு குளிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் வயிற்றுக்குச் சோறு போட மாட்டார்கள். கருப்பட்டிக் காப்பி மட்டும்தான். அதோடு ரெக்ஸ் அண்ணன் தன் கையால் ஆளுக்கொரு வலி மாத்திரை கொடுப்பார். காதுவலி, இடுப்புவலி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே. பாசமான மனுஷர். அவர் கொடுத்ததை ஒருத்தன் வேண்டாம் என்றால், "என்னலே செய்யுது உனக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார்.

"வாய்க்குள்ள ஒதுக்கிட்டுக் கடல்ல துப்பிருங்க" என்றேன். சரி என்றார். என்னிடம் அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்?

போன வாரம் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றேன். "கருப்பட்டிக் காப்பி குடிச்சா வேற எப்படிப் போகும்?" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இன்று காலையில் கடலுக்கடியிலிருந்து ஏறி வந்தவர், வள்ளத்திலேயே ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். கரைக்குக் கொண்டுவந்து, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் போனபோது மூச்சு இருந்தது. அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுவார் என்று டாக்டரம்மா கேட்டார். இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன்.

மத்தியானம் அந்தம்மா வெளியே வந்து, "வயித்துப் புண்ணு உடைஞ்சிருக்கும்மா. ரத்தம் ஏத்த ஏத்த வெளியே போயிட்டே இருந்தது. எங்களால நிறுத்த முடியல" என்றார்.

அழுகை வரவில்லை. அந்தம்மா செருப்பில் ஒரு வார் பிய்ந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம்கூட வரவில்லை. பால் பொங்கினாலே அவரோடு சண்டை போடுகிறவள் நான். அப்படி மரத்துப்போய் நின்றது எனக்கே பயமாக இருந்தது.

வராந்தாவில் ரெக்ஸ் அண்ணனும் வள்ளத்து ஆட்களும் நின்றார்கள். ரெக்ஸ் அண்ணன் துண்டால் வாயைப் பொத்தி அழுதார்.

"காலைலயே முகம் வெளுத்துக் கெடந்துச்சு, டெல்பின். மேலுக்கு முடியலையோன்னு இன்னைக்கு ரெண்டாக் குடுத்தேன். முன்னாடி நின்னு முழுங்க வச்சேன். அப்படியும் இப்படி ஆயிட்டே."

உண்மையைச் சொன்னால் இந்த மனுஷர் சாகிறவரைக்கும் தூங்க மாட்டார். செத்தவரின் பொய் செத்தவரோடு போகட்டும் என்றுதான் நினைத்தேன். ரெக்ஸ் அண்ணன் பெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருளா. ஆபரேஷன் பண்ணுன ஒடம்பு. இவ்வளவு நேரமா நிக்கிற."

உட்கார்ந்தேன். என்னை அறியாமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி என்னிடம் நீட்டினார்.

"வலிக்குதா? இதைப் போட்டுக்க. நம்ம பயலுவ எல்லாரும் போடுறதுதான்."

அந்தப் பயல்களைப் பார்த்தேன். நாலு பேர் நின்றார்கள். எவன் வீட்டில், எந்த டப்பாவுக்குள், எந்தச் சீக்கின் மாத்திரை ஒளிந்திருக்கிறதோ.

"எனக்கு ஆபரேஷனே நடக்கல அண்ணே" என்றேன். "நெஞ்சுல ஆபரேஷன் பண்ணுனது அவருக்குத்தான். இந்த மாத்திரை அவருக்கு ஆகாது."

ரெக்ஸ் அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நீட்டிய கையை மடக்க அவருக்குத் தெரியவில்லை. நான்தான் மாத்திரையை எடுத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டேன்.