கடனுக்குச் சினை ஊசி

எங்கள் ஊர் வங்கியில் கல்விக் கடனை எருமையாகத்தான் கொடுப்பார்கள். எந்தப் படிப்புக்கும் எருமைதான். படிப்பு பெரிதென்றால் எருமையும் பெரிது. கால்நடை அறிவியல் படிக்க எனக்குக் கொடுத்தது நடுத்தரமான எருமை. காதில் மஞ்சள் பட்டை, பட்டையில் கோகிலவாணி என்ற என் பெயர், அதற்குக் கீழே ஜாமீன் போட்ட அப்பா ராசப்பனின் பெயர்.

கடன் ஜாமீன்தாரரோடு ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. அதனால் எருமை முன்னறையில் படுத்தது. அப்பா விசைத்தறிப் பட்டறையிலிருந்து வந்து அதன் முதுகை ஒட்டிப் பாய் விரித்துக்கொள்வார். மழைக்காலத்தில் கதகதப்பாக இருக்கிறது என்று சொல்வார்.

வட்டி எருமையின் மேல் சதையாக ஏறும். தவணை கட்டினால் சதை இறங்கும். பங்குனியில் கணக்கு முடிக்கும்போது வங்கியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார். எருமை தன் காலால் நடந்து, வாசல் நிலையின் இரண்டு பக்கமும் படாமல் வெளியே வர வேண்டும். பட்டுவிட்டால் அது வெளியே எடுக்க முடியாத கடன். அப்படிப்பட்ட கடன் இருக்கும் வீடு வங்கிக்குச் சேரும். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் இப்போது எருமைகள் மட்டும்தான் இருக்கின்றன. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

எங்கள் வீடு அப்பா இருபது வருடம் தறி ஓட்டிக் கட்டியது. அதை ஓர் எருமைக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

படிப்பு முடிந்து கோழித்தீவன ஆலையில் வேலை கிடைத்தது. வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சம்பளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் தவணையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன். எருமையின் வால் குஞ்சம் மட்டும் போயிருந்தது. அடுத்த மாதம் வட்டி ஏறியபோது குஞ்சம் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்துவிட்டது.

ஊரில் சிலர் கடனைப் பட்டினி போடுவார்கள். நான் போடவில்லை. குடற்புழு மருந்து கொடுத்தேன், தாது உப்பு வைத்தேன், வாரம் இரண்டு முறை குளிப்பாட்டினேன். நான்கு வருடம் படித்துவிட்டு ஒரு கால்நடையை வாட விடுவது என்னால் ஆகாது. என் கடன் ஊரிலேயே லட்சணமான கடனாக இருந்தது. தோல் எண்ணெய் தேய்த்தது மாதிரி மின்னும்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஊருல அவனவன் கடனை எளைக்க வெக்கப் பாக்கறான். நீ உப்பு வாங்கியாந்து வெச்சு வளத்தறயே, அம்மிணி."

"நான் படிச்சது அதைத்தாம்மா."

"படிச்சே, சரி. அந்தப் படிப்பு சம்பாரிச்சதை ஒரு தட்டுல வெய்யி. இதை ஒரு தட்டுல வெய்யி. எது தாழுதுன்னு உனக்கே தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா சொன்னது சரி என்பதால் அதிகமாகவே வந்தது. போய் எருமைக்குத் தண்ணீர் காட்டினேன்.

அப்போதுதான் கவனித்தேன். எருமை தண்ணீரை முகர்ந்துவிட்டு நிமிர்ந்துகொண்டது. அடிக்கடி சிறுநீர் விட்டது. வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டது. என் கடன் பருவத்துக்கு வந்திருந்தது. எருமை பசுவைப் போலக் கத்தி ஊரைக் கூட்டாது. அதற்கு ஊமைப் பருவம், படித்தவர்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஊரில் எருமை வைத்திருந்தவர்கள் எல்லாம் பொறியியலும் கணினியும் படித்தவர்கள். அதனால் எங்கள் ஊர்க் கடன்கள் இத்தனை வருடமும் சும்மாவே நின்றிருக்கின்றன.

அன்று காலையிலேயே வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் தெய்வசிகாமணி சார் இருந்தார்.

"ஏனுங்க சார், கடன் பால் கறந்தா அந்தப் பால் யாருக்குச் சேருமுங்க?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதுவரைக்கும் எந்தக் கடனும் கறந்ததில்லீங்க. அதுக்கு விதி இல்லை."

"அப்ப எனக்குத்தானுங்க."

"அப்படித்தான் ஆகும். ஆனா சினையா இருந்தாலும் நிலையில படக் கூடாதுங்க. பாத்துக்கங்க."

"பாத்துக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே சினை ஊசி போட்டேன்.

எருமைக்குப் பத்து மாதமும் கொஞ்ச நாளும் ஆகும். பங்குனிக் கணக்கு முடிப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஈன்றுவிடும் என்பது என் கணக்கு. எருமைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. மாசி போனது, பங்குனி பிறந்தது, வயிறு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டே போனது. அப்பாவுக்குப் பாய் விரிக்க இடம் இல்லை. சமையல்கட்டில் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

தெய்வசிகாமணி சார் சொன்ன நாளில் சரியாக வந்தார். நிலையை அளந்தார், வயிற்றை அளந்தார். வயிறு ஒரு சாண் அதிகம்.

"படும்போல இருக்குதுங்களே."

"இன்னும் ஈனலீங்க சார். ஈனுனா சரியாயிரும்."

"மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் எனக்கு அதிகாரம் இருக்குது. உக்காந்துக்கறேன்."

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் மோரைக் குடித்து முடிப்பதற்குள் எருமைக்கு வலி எடுத்துவிட்டது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. பனிக்குடம் உடைந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. கன்றுக்கு ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது.

சட்டைக் கையை மடித்து, சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டேன். அப்பா எருமையின் தலையைப் பிடித்திருந்தார். எருமை அவர் மடியில் முகத்தை வைத்து மூச்சு விட்டது.

"விட்ரலாம், அம்மிணி," என்றார் மெதுவாக. "வீடு போனாப் போவுது. வாயில்லாச் சீவனை வதைக்க வேண்டாம். ஜாமீன் போட்டது நாந்தானே."

"வீடும் போகாது, எருமையும் போகாது. தலையை நேரா புடிங்கப்பா."

எருமை முக்கும்போது கையை அசைக்காமல் இருந்தேன். முக்கல் நின்றதும் கன்றைப் பின்னால் தள்ளினேன். குளம்பை என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, கர்ப்பப்பை கிழியாமல், மெல்ல மெல்ல நேராக்கினேன். மூன்றாம் வருடப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் எழுதிய பதிலுக்குப் பாதி மதிப்பெண்தான் போட்டார்கள். கை மரத்துப்போனது. விடுவதாக இல்லை. கால் நீண்டதும் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கிடாரிக் கன்று. அம்மா வைக்கோலால் துடைத்தாள். அது தும்மிவிட்டுக் காதை ஆட்டியது.

வங்கிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எருமை எழுந்து கன்றை நக்கிக்கொண்டிருந்தது. வெளியே போகும் உத்தேசம் அதற்கு இல்லை. நான் கன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி முற்றத்தில் வைத்தேன். எருமை அடித்தொண்டையில் குரல் கொடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. கொம்பைத் தாழ்த்தியது, தோள் நுழைந்தது, வயிறு நுழைந்தது. தெய்வசிகாமணி சார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார்.

"படலீங்க," என்றார்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கை முழுக்க ரத்தமாக இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

வங்கிக்காரர் கன்றின் இரண்டு காதையும் திருப்பிப் பார்த்தார். "பட்டை இல்லீங்க. கடனா இருந்தா பட்டையோடதான் பொறக்கும். இது கடன் இல்லை."

"பின்ன என்னங்க?"

"வருமானமுங்க. உங்க படிப்போட வருமானம்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அம்மா கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "மூஞ்சி நல்லா இருக்குது," என்றாள்.

சீம்பால் குடித்து முடித்து, ஒரு வாரத்தில் கன்று வேலைக்குப் போகத் தயாராகிவிட்டது. என் பட்டச் சான்றிதழைச் சுருட்டி அதன் கழுத்தில் கட்டினேன். தூக்குப்போசியில் பால் ஊற்றி எடுத்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஆலைக்குப் போனோம். கண்டக்டர் அதற்கு முழு டிக்கெட் கிழித்தார்.

முதலாளி சான்றிதழை அவிழ்த்துப் படித்தார். மக்காச்சோளத்தில் ஒரு பிடி அள்ளி அதன் முன்னால் நீட்டினார். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த லோடில் ஈரம் அதிகம், நானும் அதைத்தான் சொல்லியிருந்தேன். கன்றை என் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போட்டார். சம்பளம் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு.

மாதம் முடிந்ததும் கன்று நேராக வங்கிக்குப் போய்த் தவணை கட்டிவிட்டு வந்தது. நானும் பால் காசையும் என் சம்பளத்தையும் கட்டினேன். அன்று எருமையின் பக்கங்கள் இரண்டும் ஒரு சாண் உள்ளே போயின. அப்பாவுக்குப் பாய் விரிக்க இடம் கிடைத்தது. குஞ்சமும் போனது, திரும்ப வரவில்லை.

இப்போது தினமும் நான்கு மணிக்குக் கன்றின் மேசைக்கு முன்னால் போய் நிற்பேன். அது என்னை ஏற இறங்கப் பார்க்கும். சில நாள் கொஞ்ச நேரம் காக்க வைக்கும். பிறகு தலையை ஆட்டி, அரை மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி கொடுக்கும். போய் அதன் அம்மாவைக் கறக்க வேண்டும்.