தங்கியிருக்கும் இடம்

"வாயைத் தொறந்து பேசுடி வக்கீலம்மா. வீட்டுல எங்கிட்ட பேசுற வாயை இன்னிக்கு உள்ள போய்க் காட்டு," என்றாள் அக்கா. மருத்துவமனையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். பேசும்போதே கொட்டாவி விட்டாள்.

"சரிக்கா."

"இது கிடைக்கலைன்னா அந்தக் கம்பெனி வேலைதான். என்னால இன்னொரு வருஷம் இழுக்க முடியாது, சொல்லிட்டேன்."

ஏழைகளுக்காக வழக்காடுவேன் என்று உறுதி கொடுக்கும் சட்ட மாணவர்களுக்கான உதவித்தொகை அது. கடைசி வருடக் கட்டணம் முழுவதும் அவர்களே கட்டிவிடுவார்கள். தங்கைக்கும் அலுப்புதான். இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் சாயங்காலமெல்லாம் பிறத்தியார் அழுகையைக் கேட்டுவிட்டு, ராத்திரி உட்கார்ந்து படிக்கிறவளுக்கு முகம் எப்படித் தெளிவாக இருக்கும்?

உள்ளே மேசைக்குப் பின்னால் தேர்வுக் குழுவின் தலைவியம்மாவும் ஒரு மூத்த வக்கீலும் இருந்தார்கள்.

"உங்க கட்டுரை நல்லா இருந்ததும்மா," என்றார் தலைவியம்மா. "அடி தாங்காம, தையல் மெஷினோட தலையை மட்டும் கழட்டி இடுப்புல வெச்சுக்கிட்டு வெளியேறின பொண்ணு. கண்ணுலயே நிக்குது."

சட்ட உதவி கேட்டு வந்த அந்தப் பெண்ணின் பெயரைத் தங்கை மாற்றியிருந்தாள், ஊரை மாற்றியிருந்தாள், குழந்தையைக்கூட எடுத்துவிட்டாள். மெஷினை மட்டும் விட மனசு வரவில்லை. அது இருந்தால்தான் கட்டுரை எடுபடும் என்று தோன்றியது.

வக்கீல் முன்னால் சாய்ந்தார். "அந்தப் பச்சை மெஷின்லதான் இன்னும் தைக்கிறாங்களா? இப்ப எங்க தங்க வெச்சிருக்கீங்க?"

பச்சை என்று அவள் எழுதவேயில்லை. மெஷினைத் திருப்பித் தரச் சொல்லி அந்தப் பெண்ணின் புருஷன் அலுவலகத்துக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீசில்தான் அந்த நிறம் இருந்தது.

"சார், அந்தப் புருஷனுக்கு நீங்கதான் வக்கீலா?"

"கேள்வி கேக்கறது நாங்கம்மா."

"அப்ப பதில் இல்ல சார்."

தலைவியம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இவ்வளவு எழுதிட்டு, கேட்டா சொல்ல மாட்டேன்னா எப்படிம்மா? மார்க்கே இந்த அனுபவத்துக்குத்தான். வேற யாரைப் பத்தியாவது சொல்லுங்களேன்."

"வேற யாரைப் பத்தியும் சொல்ல மாட்டேன் மேடம். இவங்களைப் பத்தி எழுதினதே தப்பு."

தலைவியம்மா வக்கீலைப் பார்க்காமலேயே கோப்பை மூடினார். "நீங்க போகலாம்."

வெளியே பெஞ்சில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த அக்காவைத் தட்டி எழுப்பினாள்.

"என்னாச்சு?"

"கிடைக்காதுக்கா."

"பேசலையா?"

"பேசக் கூடாததை எழுதித் தொலைச்சுட்டேன்." நடந்ததைச் சொன்னாள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்றுதான் தங்கை நினைத்தாள்.

"எங்க இருக்கா அந்தப் பொண்ணு? எங்கிட்டயாவது சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அதுசரி." அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "திங்கக்கிழமை வரேன்னு கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுடு."

"போடறேன். அதுக்கு முன்னாடி ஆபீசுக்குப் போகணும்க்கா. நான் எழுதின கட்டுரையை அங்க இருக்கறவங்க கையில குடுக்கணும். அந்தப் பொண்ணை இன்னிக்கே வேற இடத்துக்கு மாத்தணுமோ என்னவோ."

"இப்பவேவா?"

"இப்பவே."

"நான் பஸ்ல தூங்கிடுவேன். இறங்குற இடம் வந்தா எழுப்பு," என்றாள் அக்கா.