பங்களா இல்லாத சுவர்

பள்ளிக்கூடச் சுவரில் ஆளுக்கு ஏழு பேர்ச் காணி வீதம் நாலு குடும்பத்துக்கும் எழுதித் தாருங்கள் என்று ஜெசீகா தோட்டத்துத் துரையிடம் கேட்டபோது, அந்த நாலு குடும்பமும் சுவருக்குள் குடியேறி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அவள் வாயால் கேட்கவே கூடாத விஷயம் அது. நெட்டைமரத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். பசறையில் பஸ் ஏற்றிவிடும்போது அப்பா மத்தேயு சொன்ன புத்திமதி ஒன்றுதான்: கூரைத் தகரம் கேள், தண்ணீர்க் குழாய் கேள், சம்பளத்தைக்கூடக் கூட்டிக் கேள், காணியை மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதே. கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்ட ஆள் எவரையும் அவர் கண்டதில்லை என்பதுதான் உண்மை. பட்டம் வாங்கிக்கொண்டு அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே நிரந்தரமில்லாத ஆசிரியையாக வந்து சேர்ந்த ஜெசீகா, மற்ற எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததைத்தான் கேட்பதென்றால் பெரியதாகவே கேட்டுத் தொலைப்போம் என்று கேட்டுவிட்டாள்.

அன்று மாலை மத்தேயு லயத்து வரிசை வீட்டு வாசலில் அவளை நிறுத்தி, கேட்டுவிட்டாயா என்று விசாரித்தார். கேட்டேன் என்றாள். எத்தனை பேர்ச் என்றார். ஏழு என்றாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"பத்துன்னு கேட்டிருக்கலாம்ல. கொறைச்சுத்தானே தருவானுங்க."

சுவருக்குள் ஆட்கள் போன கதை இப்படி. கார்த்திகை மழையில் மேல் லயத்தின் பின்மண் வெடித்துவிட, அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே படுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே படுப்பது என்பதைச் சொல்லவில்லை. நாலு குடும்பத்தையும் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு பக்கம் வாய்ப்பாடு, படங்குத் திரைக்கு அந்தப் பக்கம் பருப்புத் தாளிப்பு என்று பள்ளித் தவணை ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், கல்வி அலுவலகத்திலிருந்து பெயின்ட் வாளிகள் வந்திறங்கின. சுவரோவியப் போட்டியாம். தலைப்பு 'எங்கள் அழகிய தோட்டம்'. ஜெசீகா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, நீங்களே வரையுங்கள், இந்தத் தலைப்புக்கு நான் வாயைத் திறந்தால் பரிசு கிடைக்காது என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டாள்.

வேறு பள்ளிக்கூடமென்றால் ஒருவன் கோடு கீறுவான், மற்றவர்கள் நிறம் தீட்டுவார்கள். இவர்கள் தேயிலைக் கொழுந்து மலைப் பிள்ளைகள். மலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொடுப்பார். அடுத்தவள் நிரையில் ஒரு கொழுந்து கிள்ளினாலும் அந்தச் சண்டை லயம் வரைக்கும் நடந்து வரும். தாய்மார் செய்ததைப் போலவே பிள்ளைகளும் சுவரை நிலத்திலிருந்து கூரைவரை நெடுக்காக நிரை நிரையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவன் தூரிகை இன்னொருத்தி நிரைக்குள் ஒரு மயிரளவும் போகவில்லை. அதனால் றுஷாந்தன் வரைந்த வீட்டுக் கூரையின் மறுபாதி, அடுத்த நிரையில் துஷாந்தினியின் கையால் முழங்கால் உயரம் இறங்கியிருந்தது. ஒரு பசு முன்பாதியோடு நின்றது. பக்கத்து நிரைக்காரனுக்குப் பசு பிடிக்காது. சந்திக் கடைக்காரர் மகள் ரிஸ்காவுக்கு நீலம் மட்டுமே மிஞ்சியது. அவள் தன் நிரை முழுக்க மழை பெய்ய வைத்தாள்.

பெயின்ட் காய்ந்த மறுநாள் காலை, மண்டபத்துக் குடும்பங்களில் ஒருத்தியான ரெங்கம்மா கொடியில்லாமல் ஈரச் சேலையோடு நின்றவள், றுஷாந்தன் வரைந்த வீட்டுக் கதவில் அதைத் தொங்கவிடப் போனாள். கதவு திறந்துகொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தாள், தரையைத் தட்டிப் பார்த்தாள், திரும்பி வந்து பானை சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மற்ற மூன்று குடும்பமும் பிந்திவிடவில்லை. வீடு நல்ல வீடு. அறையிலிருந்து குசினிக்குப் போக முழங்கால் உயரம் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். பசு புல் தின்றது, பால் தரவில்லை. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மழைதான் தொல்லை. யாரோ வரைந்த கிணறு ரிஸ்காவின் நிரைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் தண்ணீருக்குப் போகிறவர்கள் தண்ணீரில் நனைந்தே போனார்கள்.

"கடைக்கார வீட்டுப் புள்ளதானே நீ, ஒரு கொடையாவது வரைஞ்சு வைக்கப்படாதா?" என்று ரெங்கம்மா சுவருக்குள்ளிருந்து கேட்டாள்.

"நீலத்த மட்டும் தந்தா நான் என்ன செய்ய?" என்றாள் ரிஸ்கா. ஆனாலும் அடுத்த நாள் நீலத்தில் ஒரு குடை வரைந்தாள். நாலு குடும்பத்துக்கும் ஒரே குடை என்பதால் அதற்கும் முறை வைக்க வேண்டியதாயிற்று.

படத்தில் ஆட்கள் நடமாடினால் போட்டியில் புள்ளி குறைப்பார்களோ என்று பள்ளிக்கூட அதிபர் கவலைப்பட்டார். தோட்ட நிர்வாகத்துக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சுவரில் வரைந்த தேயிலை தளிர்த்த செய்தி எட்டியதுமே கங்காணி தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ரிஸ்காவின் மழையில் நனைந்து வந்த கொழுந்துக்கு ஈரமென்று நிறையில் கழிவும் போட்டார். ஜெசீகாவுக்குத் தலைக்கேறியது அன்றுதான். கொழுந்து தோட்டத்துடையது என்றால் வீடு குடியிருப்பவளுடையது, எழுதித் தா என்று நேரே ஆபீசுக்குப் போனாள்.

துரை கோபிக்கவில்லை. நேரில் பார்க்க வந்தார். சுவருக்குள் ஆட்கள் சோறு தின்பதைப் பார்த்து அவர் புருவம்கூட உயரவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு படத்திலிருந்த மலை உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தத் தோட்டத்துப் படத்திலும் உச்சியில் இருக்க வேண்டியது அங்கே இல்லை.

"பங்களா எங்கே?"

"எங்க நெரையில விழலைங்க சேர்" என்றான் றுஷாந்தன்.

"எங்கிட்டயும் விழலைங்க" என்றாள் துஷாந்தினி.

உண்மைதான். உச்சி சரியாக இருவர் நிரைக்கும் நடுக்கோட்டில் இருந்தது. அவன் வரைவான் என்று இவளும், இவள் வரைவாள் என்று அவனும் விட்டுவிட்டார்கள். கூட வந்திருந்த கங்காணி தராசைப் பார்த்தார். துரை பங்களா இல்லாத மலையில் கொழுந்து யாருக்குச் சேரும் என்று அவருக்கே சந்தேகம் வந்து, அன்றைக்கு நிறுக்காமல் போனார்.

மறுநாள் அதிபர் வாயால் துரையின் பேச்சு வந்தது. பெரிதாக வேண்டாம், ஒரு சின்னப் பங்களா வரைந்தால் போதும். காணியும் எழுதித் தருவார்கள், ஜெசீகாவின் நிரந்தர நியமனத்துக்கு அதிபரே சிபாரிசும் செய்வார். இல்லாவிட்டால் சனிக்கிழமை சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. நியமனத்தையும் மறந்துவிட வேண்டியதுதான். ஜெசீகா போய் றுஷாந்தனின் கதவில் சாய்ந்துகொண்டு ரெங்கம்மாவிடம் சொன்னாள். ரெங்கம்மா பாலில்லாத பிளேன்டியை நீட்டினாள்.

"பங்களா வந்தா பின்னாலயே ஆள் எண்ணுற பெரட்டு வரும். பெரட்டு வந்தா தப்புக் கொட்டு வரும், விடியக்காலம் தட்டி எழுப்புவான். அதுக்கு நாங்க மண்டபத்துலயே கெடந்திருப்போமே."

"சுண்ணாம்பு அடிச்சா?"

"அடிச்சா என்ன, எங்களுக்குப் பனி எறங்குன மாதிரி. பனியில அடுப்பு மூட்டத் தெரியாதவளா நானு? ஒனக்குத்தான் உத்தியோகம் போகும் புள்ள. நீ யோசிச்சுக்க."

பிளேன்டி ஆறுவதற்குள் ஜெசீகா யோசித்து முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆபீசில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அப்பாவுக்கு ஒருநாளும் போடாத நாற்காலி. மேசையில் புதுத் தூரிகையும் ஒரு டின் வெள்ளைப் பெயின்டும் இருந்தன. பிள்ளைகளுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று துரை தன் கையாலேயே காகிதத்தில் ஒரு பங்களா வரைந்து வைத்திருந்தார். புகைபோக்கி, ரோஜாப் பாத்தி, படுத்திருக்கும் நாய். நிரைக்குள் அடங்காமல், முழுசாக. அவர் நன்றாகவே வரைந்திருந்தார் என்பதை ஜெசீகா மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். உட்காரவில்லை.

"சுண்ணாம்பே அடிங்க, சேர்" என்றாள்.

பக்கத்தில் நின்ற அதிபர் பதறிப்போய், ஜெசீகா, இத்தனை வருஷமாகப் படித்த படிப்பு, அப்பாவை நினைத்துப் பார் என்று என்னவெல்லாமோ சொல்லத் தொடங்கினார். அவர் அப்பா என்ற சொல்லுக்கு வருவதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். வராந்தாவில் சுண்ணாம்பு முன்கூட்டியே ஊறிக்கொண்டிருந்தது. தூரிகைக் கம்புகளோடு குந்தியிருந்த இரண்டு ஆட்கள் அவளுக்கு வழிவிட்டு, அடிக்கிறதா வேண்டாமா என்று கேட்டார்கள். அடிங்க, ஆனால் சுவத்துக்குள்ள சோறு ஆக்குற நேரம், தட்டிச் சொல்லிட்டு அடிங்க என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி பஸ் வரும் பசறை ரோட்டுப் பக்கம் நடந்தாள்.