இடது காதில் மூன்று ஷிப்ட்

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் பதற்றம் என்ற உறுப்பே இல்லாமல் பிறந்த மனிதர் கோதண்டராமன் ஒருவர்தான். இதை அவரே பல முறை சொல்லியிருப்பதால் சந்தேகப்பட இடமில்லை. கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வாரம் ஒரு ஷிப்ட் மாறும், டார்கெட் ஏறும், மேனேஜர் கத்துவார். அத்தனையையும் பதில் பேசாமல் விழுங்கிக்கொள்வார். சென்ற ஆடியில் அவருடைய இடது காதிலிருந்து கம்பெனிச் சங்கு ஊதத் தொடங்கியது.

அவர் தலைசாய்த்தால் மட்டுமே ஊதும். ஆனால் தெருவுக்கே கேட்கும். முதல் ஞாயிறன்று பாதித் தெரு ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய் நின்றது. "கோதண்டம்ணா, லீவு நாள்ல படுக்காதண்ணா. ஓ.டி. வெச்சிட்டானுங்கன்னு நெனச்சிக்கினு ஓடியாந்துட்டோம்" என்றான் பக்கத்து வீட்டு ரஞ்சித். பஞ்சு வைத்தால் பறந்தது. நல்லெண்ணெய் விட்டால் கொப்பளித்துக்கொண்டு ஊதியது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே ஏற்கெனவே ட்யூப்லைட் எரிவதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரைக்குக் கொட்டாவி மட்டும் வந்தது. நின்றபடியே தூங்கிப் பார்த்ததில் நிலைப்படி நெற்றியில் இடித்தது.

மனைவி ஜெயலட்சுமிக்கு அதே பேட்டையில் கண்ணாடி பேக்கிங் வேலை. தூக்கமில்லாமல் கண்ணாடியைத் தவறவிட்டு, உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும். படப்பையில் அக்குபங்சர் பார்க்கும் வேல்விழியிடம் போனாள். நெற்றியில் மயிரிழை போன்ற ஊசிகளோடு நன்றாகத் தூங்கி எழுந்து, வேறு முகத்தோடு திரும்பினாள். கோதண்டராமனுக்குப் பொறுக்கவில்லை.

"ஊசி குத்துனா டயர்லேந்து காத்து போவும். தூக்கம் வருமா? குண்டூசி டப்பா வாங்கியாரேன், நானே குத்தி வுடறேன்."

"ஊதறது உன் காது, குத்திக்கிறது நானு. நல்லாக்கீதுயா நாயம்!"

இந்தக் குண்டூசி ஜோக்கை அவர் கேண்டீனில் தினமும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தால் சங்கு. ஜெயலட்சுமி துணியை மூட்டை கட்டிக்கொண்டு மண்ணூர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வெறும் வீட்டில் காது மேலும் தாராளமானது: தையல் மெஷின்கள் ஓடின, லாரி ரிவர்ஸ் எடுத்தது, கடைசியில் மேனேஜரே "இன்னிக்கி கவுன்ட் எவ்ளோய்யா?" என்றார். கோதண்டராமன் வாழ்க்கையில் முதல்முறையாக அவரைத் திருப்பித் திட்டினார். காது அதைவிடச் சத்தமாகத் திட்டியது.

மறுநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஷேர் ஆட்டோவில் ஏறி, பிளாட் பார்க்கப் போவதாக யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, படப்பையில் இறங்கினார். வேல்விழியின் பெஞ்சில் ஜெயலட்சுமி உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள். அவர் முறை வந்தது. படுத்தார். சங்கு ஊதியது, காத்திருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வலிக்குமாம்மா?" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

"ஹெல்மெட்ட கழட்டுண்ணா முதல்ல" என்றாள் வேல்விழி.

காதோரம் குத்திய ஊசி கொஞ்ச நேரம் லைன் ஓடுவதுபோல் அதிர்ந்தது. அவர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். ஊசி முனையில் சங்கு இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தது, கொசு அளவுக்கு. ஜெயலட்சுமி ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டாள்.