அவரவர் உடம்புக்கு ஏற்ற பேடு

ஹார்லன் ஊரில் பனி ஹாக்கிக்குக் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. குறையாமல் என்ன செய்யும்? வெளியே மூக்கு விறைக்கிற குளிர். அதில் காரைக் கிளப்பி வந்து, டிக்கெட் வாங்கி, கட்டை நாற்காலியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் கடைசியில் ஒன்றுக்குப் பூஜ்யம். அந்த ஒரு கோலும் நாம் கழிப்பறை வரிசையில் நிற்கும்போதுதான் விழும்.

பழி முழுக்கக் கோல்கீப்பர்கள் தலையில் விழுந்தது. வருஷத்துக்கு வருஷம் அவர்கள் காலில் கட்டும் மெத்தைக் கவசங்களான பேடுகள் பெருத்துவிட்டன, ரப்பர் வட்டு நுழைய இண்டு இடுக்கு இல்லை என்று ஊரே பேசியது. "கோல் வாசல்ல மனுஷன் நிக்கல, பீரோ நிக்குது" என்றார் லயல் ஹட்டன். அவர் டிராக்டர் வியாபாரி, ஹார்லன் பேட்ஜர்ஸ் அணியின் சொந்தக்காரர். எதைச் சொன்னாலும் கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்தப் பீரோ பேச்சைக் கேட்டு மற்றவர்களைவிட உரக்கச் சிரித்தவன் ஓரஸ்ட் பாபியாக். பேட்ஜர்ஸின் கோல்கீப்பரே அவன்தான். ஆனால் தன்னைப் பீரோக்களில் ஒருத்தனாக அவன் எண்ணியதே இல்லை. ஆள் குள்ளம், முப்பத்தைந்து வயது. பாய்ந்தும் விழுந்தும் புரண்டும் தடுப்பவன். பீரோ என்றால் அது டிர்க் ரெம்பெல். அதே அணியின் இரண்டாவது கோல்கீப்பர், இருபத்திரண்டு வயது, எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம். டிர்க் பாயவும் மாட்டான், புரளவும் மாட்டான். சும்மா நிற்பான். வட்டு அவன்மேல் வந்து பட்டு விழும். அதைப் பார்க்கப் பார்க்க ஓரஸ்டுக்கு வயிறு எரியும்.

வயிறு எரியக் காரணமும் இருந்தது. அடுத்த பருவம் தொடங்கியதும் இருவரில் யார் முதல் ஆள் என்று பார்த்து, அவனுக்கு மட்டும் இரண்டு வருட ஒப்பந்தம் என்று லயல் சொல்லிவிட்டார். மற்றவன் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். டிர்க்குக்கு வேறு ஊர் கிடைக்கும். ஓரஸ்டை எவன் எடுப்பான்? கோடையில் கோதுமைக் கிடங்கில் சாக்குத் தூக்குவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. மனைவி டார்லா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒரு வருஷமாக அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "நம்ம இந்த ஊர்ல இருப்போமா, மாட்டோமா?"

கோல் எண்ணிக்கையைக் கூட்ட என்ன செய்யலாம் என்று யோசிக்க, லீக்கின் விதிக் குழு ரெஜைனாவில் ஒரு ஹோட்டலில் கூடியது. கோல் வாசலை அகலப்படுத்தலாம், அல்லது பேடுகளைச் சின்னதாக்கலாம் என்று இரண்டு யோசனைகள் வந்திருந்தன. ஆறு அணிகளின் கோல்கீப்பர்களும் முந்தின நாளே பியர் கடையில் கூடி, இரண்டுமே கூடாது என்று கையடித்துக்கொண்டார்கள். மூத்தவன் என்று ஓரஸ்டைப் பேச அனுப்பினார்கள். "பெரிசு, எங்க எல்லார் பொழப்பும் உங்க வாயில இருக்கு" என்று டிர்க் அவன் தோளைத் தட்டினான். அந்தக் கை சுளகு அகலம் இருந்தது. ஓரஸ்டுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

கூட்டத்தில் அவன் எழுந்தான்.

"கோல் வாசலைத் தொடாதீங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அது அதே அளவு. பேடுல கை வைங்க" என்றான்.

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க கோல்கீப்பருங்க சார்பா வந்தவர்தானே?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். இப்ப பாதிப் பேரு பேடுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுப் பொழைக்கிறான். அவனவன் உடம்பு என்னவோ அதுக்கு ஏத்த பேடு. அதுக்கு மேல ஒரு விரல்கூடக் கூடாது. மிச்சத்தைத் திறமையால தடுக்கட்டும்."

அறையில் கைதட்டல். "இதை இப்படியே விதியா எழுதிக்குங்க" என்றாள் தலைவி. கூட வந்திருந்த லயல், அவன் முதுகில் அறைந்து விஸ்கி வாங்கிக் கொடுத்தார். ஊர் திரும்பும்போது ஓரஸ்ட் காரில் பாடிக்கொண்டே வந்தான். பீரோவின் கதவைக் கழற்றியாயிற்று என்று நினைப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவனுக்கு யார் சொல்வது?

செப்டம்பரில் லீக்கிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். உடை மாற்றும் அறையில் டிர்க்கை நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து இடுப்பு என்று அளந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் வெட்ட வேண்டியதில்ல. இந்தக் காலுக்கு இந்தப் பேடு சரியாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்து ஓரஸ்ட் உட்கார்ந்தான். அவர் அளந்தார், மறுபடியும் அளந்தார்.

அதுவரைக்கும் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். பேடு இன்ன உயரத்துக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவே. நெட்டையனும் அந்த உயரம் போட்டான், குள்ளனும் போட்டான். டிர்க்கின் காலில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்ற அதே பேடு, ஓரஸ்டின் காலில் பாதித் தொடைவரை ஏறியிருந்தது. அவன் மண்டியிட்டுச் சரிந்தால் இரண்டு பேடுகளின் தலைகளும் முட்டிக்கொண்டு, கால்களுக்கு நடுவே இருந்த சந்தை அடைத்துவிடும். பதினைந்து வருஷமாக அந்தச் சந்தை அடைத்தது தன் முழங்காலின் வேகம் என்று அவன் நம்பியிருந்தான்.

"எவ்வளவு குறையும்?" என்று கேட்டான்.

அவர் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

டிர்க் மெதுவாகச் சிரித்தான். கூட்டத்தில் நடந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? எல்லா அணிக்கும் தெரிந்திருந்தது.

"என் கதவைக் கழட்டப் போய் உங்க வீட்டுக் கூரையப் பிரிச்சுக்கிட்டீங்களே, பெரிசு."

"வாய மூடுறா."

"நான் மூடிக்கிறேன். நீங்க காலை மூடுங்க."

அறையே சிரித்தது. ஓரஸ்டின் சொந்தத் தடுப்பாட்டக்காரர்கள்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்கள்.

பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டம் வெஸ்ட்பரி அணியோடு. மூத்தவன் என்பதால் கோச் எமில் முதல் வாய்ப்பை ஓரஸ்டுக்குக் கொடுத்தார். "நாளைக்கு நல்லா நில்லு, மிச்சத்த நான் பேசிக்கிறேன்" என்று முந்தின நாள் சொன்னார். ஆட்ட நாளில் கோல்கீப்பரோடு யாரும் பேசமாட்டார்கள், அது வழக்கம். வீரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அது வழக்கமா, வெறுப்பா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. லயல் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்: இரண்டு அணியும் சேர்ந்து பத்து கோல் போட்டால், டிக்கெட் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு தட்டு பெரோகி இலவசம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பொதிந்து, மேலே வதக்கிய வெங்காயம் போட்ட மாவுக் கொழுக்கட்டை அது. ஓரஸ்டின் அம்மா கிறிஸ்துமஸுக்குச் செய்வாள்.

முதல் கோல் கால்சந்தில் போனது. இரண்டாவதும் அங்கேதான். வெஸ்ட்பரிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்களும் விதியைப் படித்திருந்தார்கள். மூன்றாவதை அவன் புது விதியால் மெலிந்துபோன மார்புக் கவசத்தால் தடுத்தான். விலாவில் அடி இறங்கி மூச்சு நின்றது. தெறித்த வட்டை இன்னொருவன் எடுத்து உள்ளே தட்டிவிட்டான். நான்காவது எப்படிப் போனது என்றே அவன் பார்க்கவில்லை.

கோல்கீப்பருக்கு இப்படி ஒரு நாள் வந்தால் கோச் அவனை வெளியே எடுத்துவிடுவார். அது தண்டனை மாதிரி தெரியும், உண்மையில் அது கருணை. தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, மிச்ச இரவு யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். ஓரஸ்ட் பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சின் ஓரத்தில் டிர்க் முழு உடையோடு தயாராக இருந்தான். எமில் ஓரஸ்டின் கண்ணைப் பார்த்தார், பிறகு மேலே சொந்தக்காரர் அறைக் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார்.

இரண்டாம் இடைவேளையில் ஓரஸ்ட் வழக்கத்தை மீறி வாயைத் திறந்தான். "கோச், என்னை எடுத்துடுங்க. விலா போச்சு."

"முடியாதுப்பா."

"ஏன் முடியாது? டிர்க் இருக்கானே!"

"லயல் போன்ல சொல்லிட்டாரு. மாத்தாதேன்னு." எமில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கூட்டம் சந்தோஷமா இருக்காம்."

மூன்றாம் பகுதியில் வெஸ்ட்பரி ஐந்து, ஹார்லன் நான்கு. ஆக ஒன்பது. இன்னும் ஒரே ஒரு கோல், யார் போட்டாலும் பெரோகி. அப்போதுதான் பாட்டு கிளம்பியது. வெளியூர்க் கோல்கீப்பரைக் கேலி செய்ய, அவன் பெயரை இழுத்து இழுத்து அரங்கமே பாடும். தாலாட்டு மாதிரி கேட்கும், கத்தி மாதிரி இறங்கும். பத்து வருஷம் ஹார்லன் மக்கள் அதை எதிராளிகளுக்குப் பாடியதைக் கேட்டு ஓரஸ்ட் முகமூடிக்குள் சிரித்திருக்கிறான். இன்றைக்கு அவர்கள் பாடியது அவன் பெயர்.

"ஓ...ரஸ்ட்! ஓ...ரஸ்ட்!"

கோலுக்குப் பின்னால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு ஒரு கிழவர் கத்தினார். அவனுக்கு வருஷக்கணக்காக முடி வெட்டுகிறவர். "விடுடா மகனே! பசிக்குதுடா!"

வெஸ்ட்பரியின் ஆட்டக்காரன் ஒருத்தன் தனியாக வந்தான். ஓரஸ்ட் சரிந்தான். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவன் சரிந்ததில்லை, அதைப் பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். வட்டு அந்தச் சாண் இடைவெளியில் போய் வலையில் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சொந்த ஊர் அணி தோற்பதற்கு ஊரே கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததை அன்றைக்குத்தான் அவன் பார்த்தான். முகமூடிக்குள் அவன் அழுதான். வெளியே தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பார்கள்.

எட்டுக்கு ஆறு என்று தோற்றார்கள். குளித்துவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது லயல் கூப்பிட்டனுப்பினார். ஓரஸ்ட் விலாவைப் பிடித்துக்கொண்டு மாடியேறினான். டார்லாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவன் கவலை.

லயல் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "உட்காரு, உட்காரு. அடுத்த ஆட்டத்துக்கு இப்பவே பாதி டிக்கெட் போயிடுச்சு தெரியுமா? கீழ வரிசையில நிக்கிறாங்க."

"நான் எட்டு விட்டேன், லயல்."

"எண்ணத் தெரியாதா எனக்கு? கேளு. வெளியூர் ஆட்டமெல்லாம் டிர்க். அவன் நமக்கு ஜெயிச்சுக் கொடுப்பான். உள்ளூர் ஆட்டமெல்லாம் நீ. ரெண்டு வருஷம். எழுதி வெச்சுட்டேன்."

ஓரஸ்டுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது காது சுட்டது.

"அப்ப நான் வேணும்னே விடணுமா? அதச் செய்ய மாட்டேன்."

"சீச்சீ, யார் சொன்னா அப்படி?" லயல் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அது மோசடி இல்லையா? நீ உயிரக் கொடுத்துத் தடு. உன்னால முடிஞ்சது அத்தனையும் செய்யி. அதுதான் எங்களுக்கு வேணும்."

பேனாவை நீட்டினார். ஓரஸ்ட் வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

காரில் டார்லா மடியில் இரண்டு தட்டு பெரோகியோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியெல்லாம் வெங்காய வாசனையோடு ஆவி படிந்திருந்தது. "வீணாப் போகுமேன்னு வாங்கினேன், கோவிச்சுக்காத" என்றாள். பிறகு பயந்துகொண்டே கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"ரெண்டு வருஷம்."

அவள் தட்டை வண்டிக்குள் எங்கோ வைத்துவிட்டு, அவன் விலாவில் அடிபட்டது தெரியாமல் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும். அந்த ஜனங்க கத்துனா கத்தட்டும், லயலுக்கு உன் அருமை தெரியும்னு நான் அப்பவே நெனச்சேன்" என்று அழுதாள்.

"ஆமா. அவருக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு ஓரஸ்ட் வண்டியைக் கிளப்பினான்.