ஆம்பளைக்கு வந்த நீர்க்கட்டி

பொம்பளை டாக்டர் என்று தெரிந்ததும் அஜித்குமார் படுக்க மாட்டேன் என்றான். எந்தக் காற்றுக்கும் அலைக்கும் அசராமல் கடலுக்குப் போகிற ஆள், மயிலாப்பூர் ஸ்கேன் சென்டரில் லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். "படு, இன்னா இப்போ?" என்றாள் அவன் மனைவி ஏஞ்சல். பிள்ளை வேண்டும் என்று ஆறு வருஷமாக இந்த மாதிரி எத்தனையோ மேஜைகளில் அவள் படுத்து எழுந்திருக்கிறாள். உனக்கு வெட்கமாக இருக்கிறதா என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை.

அவனுக்கு விரையில் வீக்கம். பட்டினப்பாக்கத்து க்ளினிக் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டி மாதிரி தெரிகிறது, கேன்சராக இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவன் கடலுக்குப் போகவில்லை, சோறு இறங்கவில்லை. ஏஞ்சல் முதலில் அழுதாள். பிறகு அழுகையும் வற்றிவிட்டது. சாந்தோம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. மனசு மரத்துப்போய், கை கால் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

ஒருவழியாகப் படுத்தவனுக்கு டாக்டர் ஜானகி ஜெல்லைத் தடவினார்.

"சில்லுன்னு கீது மேடம்."

"அப்படித்தான் இருக்கும். அசையாதீங்க."

திரையில், ரவா தோசையில் இருப்பது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் கறுப்பாகத் தெரிந்தன. ரத்தம் ஓடுகிற இடம் கலராகத் தெரியும் என்று சொல்லி டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். ஓட்டைகளுக்குள் கலரே இல்லை. இன்னொரு பக்கத்தையும் பார்த்தார். அங்கேயும் அப்படியேதான் இருந்தது.

"பயப்படாதீங்க, இது கேன்சர் இல்ல. உள்ள இருக்கிற சின்னக் குழாயெல்லாம் விரிஞ்சு தண்ணி கோத்திருக்கு. வெட்டவெல்லாம் வேண்டாம். நீர்க்கட்டின்னு வச்சுக்குங்களேன்."

"அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே மேடம்? இவளுக்குத்தான் கீது."

"அது வேற, இது வேற." ஜானகி கையுறையைக் கழற்றினார். "விந்து வெளிய வர்ற பாதை அடைச்சிருந்தா இப்படி ஆகும். குழந்தை இருக்கா?"

"இல்ல."

"உங்களுக்கு விந்து டெஸ்ட் எடுத்தாங்களா?"

அஜித்குமார் மின்விசிறியைப் பார்த்தான்.

"எடுக்கல மேடம்," என்றாள் ஏஞ்சல். ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டு என்று மாமியார் அங்காளம்மாள் ஒரே போடாகப் போட்டதோடு அந்தப் பேச்சு அன்றைக்கே அடங்கிப்போயிருந்தது.

"எடுத்துடுங்க. குழந்தை இல்லாததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். அதுக்கு வைத்தியமும் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே போய் டாக்டரைப் பாருங்க."

வெளியே வந்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லஸ் முனை ஓட்டலில் பரோட்டாவை மாவரைக்கிற மாதிரி அரைத்துத் தள்ளினான். ஏஞ்சல் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மலடி என்று ஊரே வாய்க்கு வந்தபடி பேசியதற்கெல்லாம் இப்போது கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. புருஷன் பிழைத்தானே என்ற சந்தோஷமாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. டீயில் ஆடை கட்டிக்கொண்டது.

"ஏஞ்சலு, அம்மாவாண்ட கேன்சர் இல்லன்னு மட்டும் சொல்லு," என்றான் அவன். "மத்ததுலாம் இப்போ வேணாம்."

அவள் டீயில் கட்டியிருந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டாள்.

பட்டினப்பாக்கத்தில் அங்காளம்மாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மனைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் அழுதாள். "எம்புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு எனக்குத் தெரியும்," என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு மருமகளிடம் திரும்பினாள். "அவன் கவல வுட்டுச்சு. இனிமேலாச்சும் உன் ஒடம்பப் பாரு. உன்னப் பாக்குற டாக்டரம்மாவாண்ட மறுபடியும் போய்ட்டு வா. வம்சம் வெளங்க வேணாமா?"

ஏஞ்சல் புருஷனைப் பார்த்தாள். அவன் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். அவனோ நண்டுக் கூடைக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.

"போறேன் அத்தே," என்றாள். "இந்த வாட்டி உங்க புள்ளையும் வரணுமாம்."

"அவன் இன்னாத்துக்கு?"

"அவரையே கேளுங்க."

அங்காளம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.