ஒன்பது கட்டங்கள்

ஒன்பதாவது கட்டத்திலும் 'நோ' என்று எழுதி முடித்த பிறகு சொர்ணாம்பாள் பேனாவை மூடாமல் தம்பியைப் பார்த்தாள். கணவருக்கு இருக்கிற சுகரை எங்கே எழுத வேண்டும் என்று கேட்டாள். கோமதிசங்கர் தட்டிலிருந்த முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டே, "அதுக்குத் தனியா டாக்டர் கடுதாசி உண்டுக்கா. நான் வாங்கிச் சேத்துருதேன்" என்றான். அவள் பேனாவை மூடினாள்.

அது தொண்ணூற்று நான்காம் வருடம், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரத்தில் அவர்களுடைய வீட்டுக் கூடம். இன்சூரன்ஸ் படிவம் முழுக்க இங்கிலீஷ். சொர்ணாம்பாள் புலவர் படிப்புப் படித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகத் தமிழ் நடத்துகிறவள். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும். பெயர், முகவரி, தேதி எழுதத் தெரியும். அதற்கு மேல் நெருக்கமாக அச்சடித்த வரிகளைக் கண்டால் சந்தைக் கூட்டத்துக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். ஆனால் கையெழுத்து மணியாக இருக்கும். கோமதிசங்கர்தான் அவளை எழுதச் சொன்னான். "அத்தான் எழுதுனா கோழி கிளறுன மாதிரி இருக்கும். கம்பெனிக்காரன் வாசிக்க முடியாம ஆறு மாசம் போட்டு வச்சிருவான். நீயே எழுதுக்கா." அவளுடைய கணவர் ஐயம்பெருமாள் சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு; அவளுக்கு ஐம்பத்தொன்று. மில் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, வீட்டை விற்றுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். அதிலிருந்துதான் இந்த மருத்துவ இன்சூரன்ஸ் பேச்சு. முதலில் பேசியவர் மில்லிலேயே இருந்த தேவசிகாமணி. அவரும் ஏஜெண்டுதான். ஒரு நாள் சாயங்காலம் வந்து, காப்பிகூடக் குடிக்காமல், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார். ஐம்பது தாண்டிவிட்டால் ரத்தம், ஈசிஜி எல்லாம் பார்க்க வேண்டும். சுகர் இருப்பதை மறைக்காமல் எழுத வேண்டும். எழுதினால் சுகருக்கும், சுகரால் வருகிற எதற்கும் கம்பெனி தராது. கை கால் முறிந்தால், குடலில் கட்டி வந்தால் தருவார்கள். "நெஞ்சுக்கு இத நம்பாதிய அண்ணாச்சி. அதுக்குன்னு கையில கொஞ்சம் வச்சிக்கிடுங்க. இது குடை மாதிரி. மழைக்குத்தான் ஆகும், வெள்ளத்துக்கு ஆகாது" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அவர் போன பிறகு வீடு இருண்டதுபோல் இருந்தது.

மறுவாரம் கோமதிசங்கர் வந்தான். திருநெல்வேலியிலிருந்து, தோளில் ரெக்ஸின் பையோடு. அவன் ஏஜென்சி எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தேவசிகாமணி சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அவரு சொல்லுததக் கேட்டா சாகுததுக்குத்தான் பாலிசி எடுக்கணும். நம்ம வழியில டெஸ்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எல்லாத்துக்கும் வரும். அத்தான் நூறு வருஷம் இருப்பாவ, கம்பெனிக்குத்தான் நஷ்டம்." இரண்டு படிவங்களும் ஒரே மேஜை மேல் கிடந்தன. எதை எடுப்பது என்று அவர்கள் உண்மையில் யோசிக்கவே இல்லை. மகள் விஜயஸ்ரீயின் கல்யாணத்தில் தாய்மாமனாக மாலை எடுத்துக் கொடுத்தவன்; தலைப்பொங்கல் தொடங்கி ஒரு தை மாதம் தவறாமல் பச்சரிசியும் கரும்பும் மஞ்சள்குலையுமாகப் பொங்கல்படி கொண்டு வந்து வைக்கிறவன். அவனை வைத்துக்கொண்டு வெளி ஆளிடம் பாலிசி எடுத்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? யாரை முதலில் அழைப்பது என்று கல்யாணப் பத்திரிகைக்கு முடிவு செய்வதைப்போல அதையும் முடிவு செய்தார்கள்.

கையெழுத்துப் போடும்போது ஐயம்பெருமாள் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "கண்ணாடிய எங்கன வச்சேன்னு தெரியல. எங்கன போடணும்னு விரல வை மாப்ளே" என்றார். மூன்று இடத்தில் கோமதிசங்கர் விரல் வைத்தான். காப்பி எடுக்க அடுப்படிக்குப் போன சொர்ணாம்பாள் திரும்புவதற்குள் மூன்று இடத்திலும் போட்டார். போட்டுவிட்டு எழுந்து, புறவாசலுக்குப் போய், தென்னைக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலை மண்வெட்டியால் சரி செய்யத் தொடங்கினார். முதல் நாள்தான் அதைச் சரி செய்திருந்தார்.

பாலிசி வந்ததும் வீட்டுக்கு ஒரு தைரியம் வந்தது. ஆஸ்பத்திரிக்கென்று அவள் ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து மாடியில் ஓர் அறை கட்டினார்கள். விஜயஸ்ரீ பெங்களூரிலிருந்து குழந்தையோடு வந்தால் தங்குவதற்கு. அதுவும் கோமதிசங்கர் சொன்ன யோசனைதான். "இனி அந்தத் துட்டு சும்மாத்தானக்கா கிடக்கும்."

தொண்ணூற்றாறு புரட்டாசியில் ஒரு மத்தியானம், மில்லில் நெஞ்சுவலி வந்த ஐயம்பெருமாளைக் காரில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொல்லி, சொர்ணாம்பாள் கையில் சுண்ணக்கட்டித் தூளோடு போய்ச் சேர்ந்தாள். அங்கே ஓர் இளம் டாக்டர் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார், சுகர் உண்டா, எத்தனை வருடமாக என்று. எட்டு வருடமாக என்றாள். அதோடு நிற்கவில்லை. எண்பத்தெட்டு சித்திரையில் கண்டுபிடித்தது, எந்த மாத்திரை எப்போது மாறியது, ராத்திரிக்கு எத்தனை சப்பாத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு வருடம் அவருடைய சாப்பாட்டைக் கரண்டிக் கணக்கில் காத்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலத் தடங்கல் இல்லாமல் வந்தது. அந்த டாக்டர்கூட, இப்படி விவரமாகச் சொல்லுகிறவர்கள் குறைவு என்று பாராட்டினார். அந்தப் பதற்றத்திலும் அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆறு மாதத்துக்குள் மதுரையில் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நகைகளை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருந்தார்கள். கம்பெனி பணம் வந்ததும் மதுரைக்குப் போவது என்று ஏற்பாடு. ஐப்பசி போனது, கார்த்திகை போனது. தை மாதம் பொங்கல் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. போஸ்ட்மேன் சுடலையாண்டி வழக்கம்போலக் கேலி பேசினார். "கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் போடுங்க அண்ணாச்சி. போன மட்டம் உங்க கையெழுத்து அடுத்த வரிக்கு இறங்கிப்போயி மேலத்தெருக்காரரு மணியார்டரயே வாங்கிட்டு." ஐயம்பெருமாளுக்குக் கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போட்டால் முதலெழுத்து சரியாக நிற்கும்; வால் மட்டும் சறுக்கிக் கீழே போய்விடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டுக் கடிதத்தைப் பிரித்தார். கடலை மடித்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு எறிகிற மனுஷர், அந்த அரைப் பக்கத்தை வெகு நேரம் வாசித்தார். பிறகு, "தரலையாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் கோமதிசங்கர் வந்தான். கூடத்துக்குப் போகாமல் நேரே அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்தாமலே பேசினான்.

"ஆஸ்பத்திரியில போயி எட்டு வருஷம்னு எவளாவது சொல்லுவாளாக்கா? உன்னய யாரு கேட்டா?"

"டாக்டரு கேட்டாரு."

"ரெண்டு மாசம்னு சொல்ல வேண்டியதுதான? அவரு அத அட்டையில எழுதி, கம்பெனிக்காரன் பாத்துட்டான். உன் வாயாலதான் எல்லாம் போச்சு."

கூடத்திலிருந்து ஐயம்பெருமாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நீதான் கெடுத்தாய் என்று அவர் சொல்லாததே பெரிய தயவு என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அன்று முழுக்க அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தாள்.

அவரிடம் சொல்லாமல் ஒரு நாள் தேவசிகாமணியைக் கூட்டிக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்குப் போனாள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, மரியாதையான மனிதர், கோப்பை எடுத்துக் காட்டினார். டாக்டர் கடுதாசி எதுவும் அதில் இல்லை. ஐந்தாவது கட்டத்தில் கேட்டிருப்பது சுகரைப் பற்றித்தான் என்று விரல் வைத்துக் காட்டினார். அங்கே 'நோ' என்று இருந்தது. "எழுத்து ரொம்ப அழகா இருக்கும்மா. யார் எழுதினது?" என்று கேட்டார். தேவசிகாமணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படிவத்தின் நகல் ஒன்று கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பைக்குள் வைத்து, வீட்டுக்கு வந்து மாடியறை அலமாரியில் போட்டாள். கணவரிடம் காட்டவில்லை. தன்னுடைய தம்பி, தன்னுடைய எழுத்து. அவரிடம் எந்த முகத்தோடு காட்டுவது?

மதுரை ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும்; மாடியறையில் போட்டதைத் திரும்ப எடுக்கவா முடியும்? வீட்டையே விற்கலாம் என்று ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பங்குனி மாதம், காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டு வந்து வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டவர், அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். அதை உடன்பிறந்தவன்தான் கொண்டுவந்து தோளில் போட வேண்டும். கோமதிசங்கர் தாம்பாளத்தில் சேலையை வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றான். சொர்ணாம்பாள் அவனை மாடிக்கு வரச் சொன்னாள். பதினாறு நாளாக அவனிடம் அவள் பேசியிருக்கவில்லை.

அதிகம் திறக்காத அறையில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. விஜயஸ்ரீயின் குழந்தை தாத்தாவைத் தேடி அழுவது கீழே கேட்டது. கதவைச் சாத்திவிட்டு, "டாக்டர் கடுதாசிய ஏன் சேக்கல?" என்று கேட்டாள்.

அவன் தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். டெஸ்ட் இல்லாமல் வாங்கிக் கொடுக்க வேறு வழியில்லை, மூன்று வருடம் ஒன்றும் வராமல் ஓடிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னான். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"என்னய மட்டும் பாக்காதக்கா. அத்தானுக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இல்லைன்னுதான் எழுதணும்னு முத நாளே மில் ஆபீஸுக்குப் போயி அத்தான்கிட்ட சொன்னேன். சரின்னாவ. நீ எழுதுனாத்தான் சந்தேகம் வராது, ஆனா தெரிஞ்சா எழுதமாட்டா, டாக்டர் கடுதாசி உண்டுன்னு சொல்லிருன்னு அவியதான் சொன்னாவ."

"செத்தவரு மேல போடுதியாலே?"

"எங்கம்மா சத்தியமாக்கா."

இருவருக்கும் ஒரே அம்மா. அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொன்னால் இடது கண் துடிக்கும். இப்போது இரண்டு கண்களிலும் தண்ணீர் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை.

கீழேயிருந்து நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். இறங்கிப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். அவன் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டான். கஞ்சி வாசமுள்ள புதுச்சேலை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதையும் சிலர் கவனித்தார்கள்.

பந்திக்கு இலை போடுகிற சந்தடியில் மறுபடி மாடிக்கு ஏறினாள். அலமாரியைத் திறந்து நகலை எடுத்துச் சன்னல் திண்டின்மேல் விரித்தாள். கம்பெனி ஆபீஸில் வாங்கிய நாளிலிருந்து அவள் அதில் தன்னுடைய எழுத்தைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. இப்போது பக்கத்தின் அடிக்குப் போனாள். புள்ளிக்கோட்டின்மேல் ஐயம்பெருமாளின் கையெழுத்து. முதலெழுத்து நின்ற இடத்தில் தம்பி விரல் வைத்திருப்பான். அங்கிருந்து வால் எங்கே போகிறது என்று ஆள்காட்டி விரலை வைத்துப் பைய நகர்த்தினாள். அடுத்த பக்கத்திலும் நகர்த்தினாள். மூன்றாவது பக்கத்தில் பாதியிலேயே விரல் நின்றுவிட்டது.

கண்ணாடி மாட்டிக்கொண்டு போட்டதுபோல, மூன்றும் புள்ளிகளை விட்டு ஒரு மயிரிழை இறங்கவில்லை.

"அக்கா, சாப்பிட வா. எல்லாரும் உனக்காகத்தான் இருக்காவ." மாடிப்படியின் அடியில் தம்பியின் குரல். அவள் திரும்பவில்லை. தோளிலிருந்து கோடிச் சேலையின் தலைப்பு நழுவி, காகிதத்தின் மேல் விழுந்து, கையெழுத்தை மறைத்தது. மேலே அவளுடைய எழுத்து மட்டும் தெரிந்தது. ஒன்பது கட்டம், ஒன்பது 'நோ', ஒன்றுக்கொன்று பிசகாமல், பிள்ளைகளுக்குப் பார்த்து எழுதக் கரும்பலகையில் போட்டுக் கொடுத்ததுபோல.